நான்கு சக்கரம், பத்து வினாடி

சேலம் – நாமக்கல் சாலையில் பஞ்சராகி நிற்கும் லாரிக்கு ஸ்டெப்னி மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? எங்கள் வெண்ணந்தூர்ப் பக்கத்தில் இந்தக் கேள்வியை எந்த வகுப்பில் கேட்டாலும் நாலைந்து கைகள் உடனே உயரும். "ஜாக்கி நல்லா இருந்தா அரை மணி நேரம் சார்." "நட்டு துருப்பிடிச்சிருந்தா ஒரு மணி நேரங்கூட ஆகும் சார்." அப்பா லாரி ஓட்டுகிறார், மாமா பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் செய்கிறார், சித்தப்பா பஞ்சர் கடை வைத்திருக்கிறார் என்று ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் ஒரு வீடு இருக்கிறது. அறிவியல் பாடத்தில் பெரும்பாலும் வாய் திறக்காத பிள்ளைகள்கூட இங்கே பேசுவார்கள்.

அப்படியே அடுத்த கேள்வியைப் போடலாம்: ஒரு காரின் நான்கு சக்கரங்களையும் மாற்றி, டேங்கில் பெட்ரோலும் நிரப்ப 10 வினாடி போதுமா?

வகுப்பு சிரிக்கும். போதும் என்பதுதான் பதில். அமெரிக்காவில் நடக்கும் 'நாஸ்கார்' என்னும் ஸ்டாக் கார் பந்தயத்தில் இன்று இந்த வேலை ஏறக்குறைய அந்த நேரத்துக்குள் முடிகிறது. 1950களில் இதே வேலைக்கு நிமிடக்கணக்கில் ஆனது. இடையில் நடந்தது என்ன என்பதை வைத்து இயற்பியல், கணக்கு இரண்டையும் சேர்த்து இரண்டு பாடவேளைகளுக்கு ஒரு பாடம் நடத்தலாம். அதற்கான செய்திகளையும் செயல்பாட்டையும் இங்கே தருகிறேன். 8 முதல் 10ஆம் வகுப்பு வரை அப்படியே பயன்படும். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஒரு பகுதி உண்டு.

முதலில் பந்தயத்தைப் பற்றி. ஃபார்முலா 1 பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்போம். சக்கரங்கள் வெளியே தெரிய, தும்பி போல இருக்கும் வண்டிகள் அவை. ஸ்டாக் கார் அப்படியல்ல. பார்வைக்கு நம் ஊர்ச் சாலையில் ஓடும் கார் போலவே இருக்கும்; கடையில் விற்கும் காரையே பந்தயத்துக்குக் கொண்டுவந்த காலத்தில் வந்த பெயர் அது. பெரும்பாலும் நீள்வட்டத் தடத்தில் நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஓட வேண்டும். டயர் தேயும், பெட்ரோல் தீரும். அதற்காகத் தடத்தின் ஓரத்தில் உள்ள பணிப்பாதைக்கு வந்து நின்று போவதுதான் 'பிட் ஸ்டாப்'.

இந்தப் பந்தயத்தில் ஒரு தமிழரும் ஓட்டியிருக்கிறார். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர் என்பது பலருக்கும் தெரியும். 2010இல் அவர் நாஸ்காரின் டிரக் தொடரில் ஓட்டியது அவ்வளவாகத் தெரியாது. அந்த ஆண்டு மார்ச்சில் மார்ட்டின்ஸ்வில் தடத்தில் முதன்முறையாக இறங்கி 13ஆவதாக வந்தார். அந்தத் தொடரின் மிகவும் விரும்பப்பட்ட ஓட்டுநராக அவ்வாண்டு ரசிகர்கள் அவரையே தேர்ந்தெடுத்தனர். (டிரக் என்றதும் நாமக்கல் மாவட்டத்துப் பிள்ளைகள் பத்துச் சக்கர லாரியைத்தான் நினைப்பார்கள். இது பின்னால் சரக்குத்தொட்டி வைத்த பிக்கப் வண்டி என்று சொல்லிவிடுவது நல்லது.)

மார்ட்டின்ஸ்வில் தடம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 850 மீட்டர்தான். ஒரு சுற்றுக்கு 20 வினாடி அளவில்தான் ஆகும். அப்படியானால் பணிப்பாதையில் 15 வினாடி நிற்பவர் எத்தனை மீட்டரை இழக்கிறார்? நேர்விகிதக் கணக்கு. விடை முக்கால் சுற்று. உள்ளே மெதுவாக வருவதும் வெளியேறுவதும் அதற்கு மேல். பெரிய தடங்களில் வண்டி மணிக்கு 290 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். அதை 3.6ஆல் வகுத்தால் வினாடிக்கு 80 மீட்டருக்குச் சற்று மேல் வரும். பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போய் 80 மீட்டரை நாடாவால் அளந்து இரு முனைகளிலும் ஒவ்வொருவரை நிறுத்துங்கள். 'ஒரு வினாடி' என்பது எவ்வளவு நீளம் என்று கண்ணால் பார்த்த பிறகு அலகு மாற்றக் கணக்கு அவர்களுக்கு வெறும் சூத்திரமாக இருக்காது.

வேகம் எங்கிருந்து வந்தது

1950களில் பிட் ஸ்டாப் என்பது நம் சாலையோர டயர் மாற்றத்துக்குப் பெரிதாக வேறுபட்டதல்ல. கையால் திருகும் நான்குமுனை ஸ்பேனர், கனமான ஜாக்கி, கேனில் பெட்ரோல். ஓட்டுநர்கள் அந்த நேரத்தை ஓய்வாகவே எடுத்துக்கொண்டனர். அதை மாற்றியவர்கள் விர்ஜீனியா மாநிலத்தின் ஸ்டுவர்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த கிளென் உட், லியோனார்டு உட் சகோதரர்கள். தடத்தில் ஒரு வண்டியை முந்துவதற்குப் படும் பாட்டைவிட, நிற்கும் இடத்தில் சில வினாடிகளை மிச்சப்படுத்துவது எளிது என்பதை மற்றவர்களுக்கு முன்பே கண்டுகொண்டவர்கள் அவர்கள். யார் எந்தப் பக்கம் ஓடுவது, எதை யார் தூக்குவது, எந்த நட்டை முதலில் தொடுவது என்று ஒவ்வோர் அசைவையும் முன்கூட்டி வகுத்து ஒத்திகை பார்த்தனர். ஜாக்கியின் எடையைக் குறைத்தனர்.

இவர்களின் பெயர் ஸ்டாக் கார் உலகத்துக்கு வெளியே பரவியது 1965இல். அவ்வாண்டு இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ஸ்காட்லாந்து வீரர் ஜிம் கிளார்க் ஓட்டிய லோட்டஸ்–ஃபோர்டு வண்டிக்குப் பணி செய்ய ஃபோர்டு நிறுவனம் உட் சகோதரர்களை அழைத்தது. அதுவரை தொட்டுப் பார்த்திராத வண்டி. பந்தயத்துக்கு முன்பே பெட்ரோல் குழாயின் இணைப்பை ஆராய்ந்து, எங்கேயும் சிக்காமல் நுழையும்படி பிசிறு நீக்கி வழவழப்பாக்கினர். பந்தய நாளில் டேங்க் நிரம்பிய வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அது முழுதாக நிரம்பியதா என்றே சந்தேகம் வந்தது. 200 சுற்றுகளில் 190 சுற்றுகள் முன்னணியில் இருந்து கிளார்க் வென்றார்.

இந்த இடத்தில் வகுப்பை நிறுத்தி ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தப் பிசிறை நீக்கிய வேலை எப்போது நடந்தது? வண்டி நின்ற பிறகா, வருவதற்கு முன்பா? மொத்தப் பாடமும் இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது. வேகமான பணிக்குழு என்றால் வேகமாகக் கை அசைப்பவர்கள் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். நாமும் அப்படித்தான் நினைப்போம். ஆனால் மிச்சப்பட்ட வினாடிகளில் பெரும்பகுதி வண்டி வருவதற்கு முன்பே மிச்சப்படுத்தப்பட்டவை. ஒரு சக்கரத்துக்கு ஐந்து நட்டு இருந்த காலத்தில், அந்த ஐந்தையும் புதுச் சக்கரத்தின் துளைகளில் பசை போட்டு முன்பே ஒட்டி வைத்துவிடுவார்கள். சக்கரத்தை போல்ட்டுகளில் தள்ளினால் நட்டுகளும் கூடவே போய் உட்காரும். காற்றழுத்தத் துப்பாக்கியால் இறுக்குவது மட்டுமே பாக்கி. நட்டைத் தேடிக் கையில் எடுத்து மரையில் பொருத்தும் வேலையே அங்கே இல்லை.

இதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. விசைத்தறி ஓடும் வீடு பக்கத்துத் தெருவிலேயே இருக்கும். நாடாவில் உள்ள தாரில் ஊடை நூல் தீர்ந்தால் தறி நின்றாக வேண்டும். தீர்ந்த தாரை எடுத்துவிட்டுப் புதுத் தார் போட்டால்தான் மீண்டும் ஓடும். கைதேர்ந்தவர் என்ன செய்கிறார்? தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு நாடாவில் தார் போட்டுத் தயாராக வைத்திருப்பார். நிற்கும் நேரத்தில் நாடாவை மாற்றுவது மட்டுந்தான் வேலை. தார் சுற்றும் பாட்டியும் அந்தப் பணிக்குழுவில் ஒருவர்தான். ஜப்பானில் சகிச்சி டொயோடா என்பவர் இன்னும் ஒரு படி மேலே போய், தறியை நிறுத்தாமலேயே தானாக நாடா மாறும் 'ஜி' வகைத் தறியை 1924இல் உருவாக்கினார். அவருடைய குடும்பத்தின் தொழிலில் இருந்து கிளைத்ததுதான் டொயோட்டா கார் நிறுவனம். பின்னாளில் அதே நிறுவனத்தின் ஆலைகளில் அச்சு மாற்றும் நேரத்தைக் குறைக்க உதவிய ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் வேலைகளை இரண்டாகப் பிரித்தார்: இயந்திரம் நின்றால்தான் செய்யக்கூடியவை, ஓடும்போதே செய்துவைக்கக் கூடியவை. 1969இல் ஒரு பெரிய அழுத்த இயந்திரத்தில் 4 மணி நேரம் பிடித்த அச்சு மாற்றத்தை முடிவில் 3 நிமிடத்துக்குக் கொண்டுவந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

1990களில் இன்னொரு மாற்றம் வந்தது. அதுவரை வாரம் முழுவதும் வண்டியைப் பழுது பார்க்கும் மெக்கானிக்குகளே பந்தய நாளில் டயரும் மாற்றினர். ஜெஃப் கார்டன் ஓட்டிய வண்டியின் தலைமைப் பொறுப்பாளர் ரே எவர்ன்ஹாம், கல்லூரிக் கால்பந்து ஆடிய ஆண்டி பாப்பதனாசியூ என்பவரைப் பணிக்குழுவின் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார். உடற்பயிற்சி, ஒத்திகை, ஒத்திகையைப் படம் பிடித்துப் பார்ப்பது எல்லாம் அங்கே வழக்கமாயின. இன்று இந்தக் குழுக்களில் இருப்பவர்களில் பலர் முன்னாள் கல்லூரி விளையாட்டு வீரர்கள். 2018இல் நாஸ்காரின் முதல்நிலைத் தொடரில் டயர் மாற்றிய பிரியானா டேனியல்ஸ் கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர். அந்த வேலையில் இறங்கிய முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண். மாணவிகளிடம் இந்தச் செய்தியைத் தவறாமல் சொல்லுங்கள். டயர் மாற்றுவது ஆண்கள் வேலை என்ற எண்ணம் எங்கள் பக்கம் மிக ஆழமானது.

அதே ஜெஃப் கார்டன் 1994 மே மாதம் சார்லட்டில் நடந்த 600 மைல் பந்தயத்தில் தன் முதல் வெற்றியைப் பெற்றார். கடைசி பிட் ஸ்டாப்பில் முன்னணியில் இருந்த மற்றவர்கள் நான்கு டயர்களை மாற்றியபோது, எவர்ன்ஹாம் வலப்பக்கம் இரண்டை மட்டும் மாற்றி வண்டியை அனுப்பினார். அங்கே கைகள் வேகமாக ஓடவில்லை. வேலை பாதியானது. இடப்பக்க டயர்கள் இன்னும் தாங்கும் என்று தெரிந்தவரால்தான் அந்த முடிவை எடுக்க முடியும்.

வினாடியை மட்டும் அளந்தபோது

இந்த வரலாற்றில் ஆசிரியர்களாகிய நாம் நின்று படிக்க வேண்டிய பக்கம் 2015, 2016 ஆண்டுகளுடையது என்பது என் கருத்து.

2015இல் நாஸ்கார் பணிப்பாதையில் ஆட்களை நிறுத்திக் கண்காணிப்பதைக் குறைத்துவிட்டு, கேமராக்கள் மூலம் விதிமீறலைக் கவனிக்கும் முறைக்கு மாறியது. ஒரு சக்கரத்தில் ஐந்து நட்டும் இறுக்கப்பட்டனவா என்று பக்கத்தில் நின்று பார்ப்பவர் இல்லாமல் போனார். சக்கரம் கழன்றால் அந்த அணியின் பாடு என்று விடப்பட்டது. என்ன நடந்திருக்கும்? ஐந்துக்குப் பதில் நான்கு, சில நேரம் மூன்று நட்டுகளை மட்டும் இறுக்கிவிட்டு வண்டியை அனுப்பத் தொடங்கினர். ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு வினாடியின் சிறு பகுதி மிச்சம். அளவுகோலில் பார்த்தால் முன்னேற்றம். மணிக்கு 290 கிலோமீட்டரில் ஓடும் வண்டிக்குள் அமர்ந்திருப்பவருக்கோ சக்கரம் ஆடுவது நேராகத் தெரியும்.

2016 ஏப்ரலில் டோனி ஸ்டூவர்ட் என்ற முன்னணி ஓட்டுநர் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். அதற்காக நாஸ்கார் அவருக்கு 35,000 டாலர் அபராதம் விதித்தது. சில நாட்களிலேயே, ஐந்து நட்டும் இறுக்கப்பட வேண்டும் என்ற விதியையும் அதே நாஸ்கார் மீண்டும் கொண்டுவந்தது!

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது நிமிடத்துக்கு எத்தனை சொல் வாசிக்கிறான் என்று அளக்கும் வாசிப்புச் சோதனை. அளவு தேவைதான்; அளக்காமல் எந்தப் பிள்ளை பின்தங்கியிருக்கிறது என்று தெரியாது. ஆனால் சொற்களை மட்டும் எண்ணினால் பொருள் புரியாமல் ஓடும் வாசிப்பு வளரும். நான்காவது, ஐந்தாவது நட்டு யார் கண்ணிலும் படாமல் தளர்ந்திருக்கும். கூட்டல் கணக்கை முதலில் முடித்தவனுக்குக் கைதட்டு என்றால், விடையைச் சரிபார்க்கும் பழக்கம்தான் முதலில் கைவிடப்படும். ஏனென்றால் அதற்குத்தான் மதிப்பெண் இல்லை.

வேகத்துக்குக் கொடுத்த இன்னொரு விலை இதைவிடப் பெரியது. 1990 நவம்பரில் அட்லாண்டா பந்தயத்தில், பணிப்பாதைக்குள் வேகமாக வந்த ஒரு வண்டி கட்டுப்பாடு இழந்து நின்றிருந்த வண்டியில் மோதியது. டயர் மாற்றிக்கொண்டிருந்த மைக் ரிச் உயிரிழந்தார். அதுவரை பணிப்பாதையில் வேக வரம்பே இல்லை. 1991இல் தான் அது வந்தது. அந்த வரம்பால் ஒவ்வோர் அணிக்கும் பல வினாடிகள் கூடின. எல்லா அணிக்கும் ஒன்றுபோலக் கூடியதால் போட்டி எதையும் இழக்கவில்லை. 'விதி ஏன் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும்' என்று சமூக அறிவியல் ஆசிரியர் கேட்க விரும்பினால் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

2018இல் இதே வரிசையில் இன்னும் ஒரு விதி வந்தது. பணம் படைத்த அணிகள் மற்றவர்களுக்குக் கிடைக்காத காற்றழுத்தத் துப்பாக்கிகளைத் தாங்களே வடிவமைத்து வந்தன. எல்லா அணிகளுக்கும் ஒரே வகைத் துப்பாக்கியை நாஸ்காரே வழங்கத் தொடங்கியது. வண்டியைச் சுற்றி வேலை செய்வோர் எண்ணிக்கையும் ஆறிலிருந்து ஐந்தானது. கருவி சமமான பிறகுதான் யாருடைய பயிற்சி சிறந்தது என்று தெரியும். அரசுப் பள்ளியில் பணிபுரியும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஐந்து நட்டு ஒன்றானால்

2022இல் வண்டியின் வடிவமே மாறியது. ஐந்து நட்டுகளுக்குப் பதில் சக்கரத்தின் நடுவில் ஒரே பெரிய நட்டு. மாணவர்களிடம் கணக்காகக் கொடுங்கள். முன்பு நான்கு சக்கரங்களுக்குக் கழற்ற 20, மாட்ட 20, ஆக 40 முறை திருக வேண்டும். இப்போது 4ம் 4ம் எட்டுதான். ஐந்தில் ஒரு பங்கு. அப்படியானால் 12, 13 வினாடிகள் எடுத்த பிட் ஸ்டாப் இப்போது 3 வினாடியில் முடிய வேண்டாமா?

முடியவில்லை. 9 முதல் 11 வினாடி வரை ஆகிறது. மிகச் சிறந்த குழுக்கள் 8 வினாடியைத் தொட்டிருக்கின்றன, அவ்வளவுதான். ஏன் என்று பிள்ளைகளையே யோசிக்க விடுங்கள். நட்டுகளுக்கான நேரம் மொத்த நேரத்தில் ஒரு பகுதிதான். வலப்பக்கத்தை முடித்துவிட்டு வண்டியைச் சுற்றி இடப்பக்கம் ஓட வேண்டும். ஜாக்கியை இறக்கி மீண்டும் ஏற்ற வேண்டும். இவை குறையவில்லை. இன்னொன்று, பெட்ரோல். அங்கே பம்பு கிடையாது; ஒருவர் கேனைத் தோளில் தூக்கி நுழைவாயில் சொருகுகிறார், புவியீர்ப்பால் இறங்குகிறது. முன்பு டயர் வேலை முடிவதற்குப் பெட்ரோல் காத்திருந்தது. இப்போது பல நேரங்களில் டயர் வேலை முடிந்த பின்னும் பெட்ரோல் இறங்குவதற்காக வண்டி காத்திருக்கிறது. அம்மா சட்னியை மிக்சியில் எவ்வளவு சீக்கிரம் அரைத்தாலும் இட்லி வேகும் நேரத்துக்குக் குறைவாகக் காலை உணவு தயாராகாது அல்லவா? அதே நிலைதான். ஃபார்முலா 1 பந்தயத்தில் 2010 முதல் இடையில் எரிபொருள் நிரப்பத் தடை. நாஸ்காரில் நான்கு பேர் செய்யும் டயர் வேலையை அங்கே ஏறத்தாழ 20 பேர் சூழ்ந்து செய்கிறார்கள். அதனால்தான் மெக்லாரன் அணி 2023இல் கத்தாரில் நான்கு டயர்களை 1.80 வினாடியில் மாற்ற முடிந்தது. இரண்டு பந்தயங்களின் நேரத்தையும் பக்கத்தில் வைத்து எது சிறந்த குழு என்று கேட்பது பொருந்தாத ஒப்பீடு என்பதையும் மாணவர்கள் கண்டுபிடிக்கட்டும்.

பெட்ரோல் கேனை வைத்து அடர்த்திக் கணக்கு ஒன்று போடலாம். 40 லிட்டர் பெட்ரோல், அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 0.75 கிலோ என்றால் 30 கிலோ. கேனின் எடை தனி. ஒரு சிமென்ட் மூட்டையில் பாதிக்கு மேல் தோளில் வைத்துக்கொண்டு ஓட வேண்டும்.

ஜாக்கி இன்னும் சுவையானது. நம் லாரி ஜாக்கியைப் பல முறை அடித்தால்தான் வண்டி எழும்பும். பந்தய ஜாக்கியோ ஒரே அழுத்தில் காரின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிடும். அப்படியானால் அது ஆற்றலைச் சும்மா தருகிறதா? கணக்குக்கு வசதியாக 800 கிலோகிராம் நிறையை 10 செ.மீ. உயர்த்துவதாகவும், புவியீர்ப்பு முடுக்கம் 10 மீ/வி² என்றும் வைத்துக்கொள்வோம். செய்ய வேண்டிய வேலை 800 × 10 × 0.1 = 800 ஜூல். பத்து முறை அடித்தால் ஒவ்வொரு முறையும் 80 ஜூல் போதும். ஒரே அழுத்தில் தூக்க வேண்டுமானால் 800 ஜூலையும் அந்த ஒரே அழுத்தில் தர வேண்டும். கைப்பிடி 1 மீட்டர் கீழிறங்கினால் தேவைப்படும் விசை 800 நியூட்டன். 80 கிலோ எடையுள்ள ஒருவர் தன் முழு எடையையும் கைப்பிடிமேல் போட்டால்தான் அது கிடைக்கும். ஜாக்கிக்காரர் கைப்பிடிமேல் விழுவது போல அழுத்துவதைக் காணொளியில் காட்டிவிட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள். பாஸ்கல் விதி விசையைப் பெருக்குகிறது, வேலையைப் பெருக்குவதில்லை என்பதை 9ஆம் வகுப்பில் எத்தனை முறை சொல்லியும் பதியாத இடம் இது.

10ஆம் வகுப்பில் திருப்புத்திறனுக்கு எங்கள் ஊர் எடுத்துக்காட்டே போதும். துருப்பிடித்த நட்டு அசையவில்லை என்றால் கிளீனர் என்ன செய்கிறார்? வீல் ஸ்பேனரின் பிடியில் ஒரு நீளக் குழாயைச் சொருகி அழுத்துகிறார். 0.4 மீட்டர் பிடியில் 300 நியூட்டன் கொடுத்தால் 120 நியூட்டன் மீட்டர், குழாயோடு 0.8 மீட்டரானால் 240. இதைச் சொல்ல முன்வரும் மாணவர் பெரும்பாலும் கடைசி வரிசையில் இருப்பார். அவரையே கரும்பலகையில் படம் போடச் சொல்லுங்கள்.

வகுப்பறைச் செயல்பாடு

தேவையானவை: ஒரு குழுவுக்கு மூடியுடன் ஆறு பழைய தண்ணீர் பாட்டில்கள், ஆறு மாற்று மூடிகள், ஒரு வாளி, கைபேசியில் உள்ள நிறுத்து கடிகாரம். ஐந்து பாட்டில்களில் பாதிவரை தண்ணீர் நிரப்பி அட்டைப் பெட்டிக்குள் நெருக்கி நிறுத்துங்கள். அது ஐந்து நட்டுச் சக்கரம். ஆறாவது பாட்டில் தனியாக. அது ஒரு நட்டுச் சக்கரம். குழுவுக்கு நான்கு பேர். பழைய மூடிகளைக் கழற்றி, பெஞ்சின் மறுமுனையில் உள்ள புது மூடிகளைக் கொண்டுவந்து பூட்ட வேண்டும். முடிந்ததும் எல்லாப் பாட்டில்களையும் வாளிக்கு மேல் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். ஒரு சொட்டு ஒழுகினாலும் 10 வினாடி தண்டம். இந்தத் தண்டத்தை விட்டுவிட்டால் செயல்பாட்டுக்கே பொருளில்லை.

முதல் முறை எதுவும் சொல்லாமல் செய்யவிடுங்கள். சத்தமும் இடிபாடுமாக இருக்கும். பிறகு ஒவ்வொரு குழுவும் பத்து நிமிடம் உட்கார்ந்து தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் 'வண்டி வருமுன் செய்யலாம்' என்றும் மறுபக்கம் 'வண்டி நின்ற பின்தான் முடியும்' என்றும் எழுதட்டும். முதல் பக்கத்துக்கு எதை மாற்ற முடிகிறது என்பதில்தான் போட்டி. மூடிகளை மல்லாத்தி வரிசையாக அடுக்கலாம். ஒருவர் கழற்ற, அடுத்தவர் பின்னாலேயே பூட்டலாம். இறுக்கத்தைச் சரிபார்க்க மட்டும் ஒருவரை ஒதுக்கலாம். அந்த நான்காவது ஆள் வேண்டாத செலவு என்று முதலில் வாதிடும் குழுதான் தண்டம் கட்டிய பிறகு அவரைச் சேர்த்துக்கொள்ளும்.

ஒவ்வொரு குழுவும் ஐந்து முறை செய்து நேரத்தைப் பதிவு செய்யட்டும். அந்த எண்களே புள்ளியியல் பாடம். உதாரணத்துக்கு ஒரு குழுவுக்கு 48, 41, 43, 36, 39 வினாடிகளும் மற்றொன்றுக்கு 34, 52, 31, 58, 32 வினாடிகளும் வருவதாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் கூட்டுத்தொகை 207, சராசரி 41.4. வீச்சு மட்டும் முதல் குழுவுக்கு 12, இரண்டாவதற்கு 27. பந்தயத்துக்கு எந்தக் குழுவை அனுப்புவீர்கள்? 31 வினாடியைக் காட்டி இரண்டாவது குழுவுக்கு வாதாடுபவர்கள் இருப்பார்கள். 58ஐக் காட்டி மறுப்பவர்களும் இருப்பார்கள். விவாதம் ஓடட்டும். சராசரி ஒன்றாக இருந்தும் இரண்டு தரவுகள் ஒன்றல்ல என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். நேரத்தைக் குழுவின் பெயரில் எழுதுங்கள், எந்த மாணவரின் பெயரிலும் எழுத வேண்டாம். கை நடுங்கும் பிள்ளை, கண் சரியாகத் தெரியாத பிள்ளை, மாற்றுத்திறனாளி மாணவர் எல்லோரும் வகுப்பில் உண்டு. 'உன்னால்தான் தோற்றோம்' என்ற சொல் எழுந்தால் அடுத்த சுற்றில் யார் எந்த வேலையைச் செய்வது என்று மாற்றி யோசிக்கச் சொல்லுங்கள். இறுக்கம் பார்க்கும் வேலைக்கு வேகம் தேவையில்லை, பொறுமை தேவை.

இந்தப் பயிற்சி விளையாட்டோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு உயர்நிலை மாணவர்களிடம் ஒரு செய்தி சொல்லலாம். லண்டனில் உள்ள கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில், இதய அறுவை முடிந்த குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றும் சில நிமிடங்களில் குழாய்கள், கருவிகள், தகவல்கள் எல்லாம் கைமாறும். தவறுகளும் அங்கேதான் நேரும். அந்த மருத்துவர்கள் ஃபார்முலா 1 பணிக்குழுக்களைப் பார்த்து, ஃபெராரி அணியினரிடம் ஆலோசனை கேட்டு, யார் எங்கே நிற்பது, யார் எப்போது பேசுவது, யார் மொத்தத்தையும் மேற்பார்ப்பது என்று வரையறுத்தனர். தவறுகளும் விடுபட்ட தகவல்களும் கணிசமாகக் குறைந்ததை 2007இல் ஆய்வாக வெளியிட்டனர்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு: எண்ணும் எழுத்தும் வகுப்பில் ஒரு செயல்பாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது எவ்வளவு நேரம் போகிறது என்று ஒரு நாள் மட்டும் கடிகாரத்தைப் பாருங்கள். பயிற்சி நூலை எடுக்க, பென்சில் தேட, வட்டமாக உட்கார என்று ஒரு மாற்றத்துக்கு 4 நிமிடம், நாளுக்கு ஆறு மாற்றம் என்றால் 24 நிமிடம். வாரத்துக்கு 5 நாளில் 2 மணி நேரம். பிள்ளைகளை அதட்டி இதைக் குறைக்க முடியாது. அட்டைகளைக் குழுவாரியாகக் காலையிலேயே பையில் போட்டு வைப்பது, சீவிய பென்சில்களை ஒரு டப்பாவில் வைப்பது, உட்காரும் இடத்தைத் தரையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் குறித்து வைப்பது போன்ற 'வண்டி வருமுன்' வேலைகள்தான் குறைக்கும். பாட்டில் மூடி விளையாட்டை மூன்றாம் வகுப்பிலும் நடத்தலாம். தண்ணீருக்குப் பதில் மணலோ உமியோ போட்டால் போதும், கடிகாரம் வேண்டாம்.

இரண்டு பாடவேளைகளைத் தொடர்ச்சியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இடையில் நிறுத்தினால் மறுநாள் பாட்டில்கள் இருக்காது. கடைசி ஐந்து நிமிடத்தைத் தரை துடைக்க ஒதுக்குங்கள். தண்ணீர் கட்டாயம் சிந்தும், நடப்பவர் வழுக்கி விழுவார்.